பத்து வருஷம், பத்து இறுதிப்போட்டி: ஓட்டோ கிரஹாம் பற்றி ஒரு குறிப்பு

இந்தக் குறிப்பு ஒரு எக்செல் ஷீட்டில் ஆரம்பித்தது. அமெரிக்கன் ஃபுட்பாலின் பழைய குவார்ட்டர்பேக்குகளின் கணக்குகளைச் சேகரித்து வைத்துக்கொண்டிருந்தேன். இதனால் ஆபீஸ் வேலைக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம், அவ்வளவுதான். எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் சராசரியாக எத்தனை யார்டு கிடைத்தது என்ற பத்தியை வைத்து ஷீட்டை வரிசைப்படுத்தினேன். 1,500 தடவைக்குக் குறைவாக எறிந்தவர்களை முதலிலேயே நீக்கிவிட்டேன். இன்றைய பெரிய பெயர் ஏதாவது மேலே வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவரோ 1955 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்ட ஆள். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஓட்டோ கிரஹாம்.

அடுத்து இன்னொரு குழப்பம். கிரஹாம் ஆடியது 10 சீசன். நான் எடுத்த ஒரு கோப்பில் 10 வரிசை இருந்தது, இன்னொன்றில் 6 தான் இருந்தது. 1946 முதல் 1949 வரை ஆளையே காணோம். டேட்டா இறக்கும்போது எங்கோ வெட்டுப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அந்த நாலு வருஷமும் தெரிந்தேதான் விடப்பட்டிருந்தது. அவர் அப்போது ஆடியது வேறொரு லீக்கில். அந்த லீக்கின் கணக்கை என்.எஃப்.எல் பல பத்தாண்டுகள் தன் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கவே இல்லை.

கிரஹாம் ஆடிய 10 வருஷமும் அவருடைய அணி இறுதிப்போட்டிக்குப் போயிருக்கிறது. ஏழு தடவை ஜெயித்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரைச் சிறந்த குவார்ட்டர்பேக் பட்டியலின் உச்சியில் வைக்காமல் ஏன் தயங்குகிறார்கள் என்று தேடிப் படித்தபோது திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பாதிக் கோப்பைகள் பலவீனமான லீக்கில் ஜெயித்தவை. இரண்டு, மூளை கோச் பால் பிரவுனுடையது, கிரஹாம் சொன்னதைச் செய்தவர் மட்டுமே.

இரண்டும் நியாயமான சந்தேகங்கள். ஆனால் இரண்டையும் ஓரளவு சோதித்துப் பார்க்க முடியும். காரணம், வரலாறு யாரும் திட்டமிடாமலே இரண்டு பரிசோதனைகளை நடத்திக் காட்டியிருக்கிறது. ஒன்று 1950-ல், இன்னொன்று 1956-ல். அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், முன்னால் எறிவதும்தான் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், 6 புள்ளி.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா, எறிவதா, எறிந்தால் யாருக்கு என்பதை அவர் இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நூறு கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். எறிந்ததை எதிரணிக்காரன் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். கிரிக்கெட்டில் விக்கெட் போவது மாதிரி.

இன்றைக்குப் பார்க்கும் இந்தக் குவார்ட்டர்பேக் வேலை 1940-களில்தான் உருவானது. அதற்கு முன் பெரும்பாலான அணிகள் சிங்கிள் விங் என்ற அமைப்பில் ஆடின. அதில் பந்து சில யார்டு பின்னால் நிற்கும் டெயில்பேக்குக்கு நேராகப் போகும். அவர் பெரும்பாலும் ஓடுவார், அவ்வப்போது எறிவார். பிறகு டி ஃபார்மேஷன் வந்தது. அதில் குவார்ட்டர்பேக் வரிசைக்கு ஒட்டிப் பின்னால் நின்று பந்தைக் கையில் வாங்கி, பின்வாங்கி, நிதானமாகப் பார்த்து எறிகிறார். வேறு கால்வேலை, வேறு கண்வேலை. ஒரு பாணியில் கெட்டிக்காரராக இருந்தவர்கள் இன்னொன்றில் தடுமாறிய காலம் அது.

பியானோ வாசித்த பையன்

கிரஹாம் பிறந்தது 1921 டிசம்பர் 6, இலினாய் மாநிலத்தில் வாகீகன் என்ற ஊரில். அப்பா அம்மா இருவரும் இசை ஆசிரியர்கள். பையனுக்குப் பியானோ, வயலின், கார்னெட், ஃப்ரெஞ்ச் ஹார்ன் எல்லாம் வரும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனது கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில். அங்கே மாணவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் அவர் பந்து எறிவதைப் பார்த்துத்தான் ஃபுட்பால் கோச் அவரை இழுத்துக்கொண்டார். ஆடியது சிங்கிள் விங் டெயில்பேக்காக.

1941-ல் நார்த்வெஸ்டர்ன், ஓஹியோ ஸ்டேட் அணியை 14-7 என்று தோற்கடித்தது. அந்தச் சீசனில் ஓஹியோ ஸ்டேட் தோற்ற ஒரே ஆட்டம் அது. அந்த அணியின் கோச் முப்பத்து மூன்று வயது பால் பிரவுன். அன்றைக்குத் தன்னைத் தோற்கடித்த பையனை அவர் மறக்கவில்லை.

1943-ல் கிரஹாம் ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். 1944 டிராஃப்டில் என்.எஃப்.எல்-லின் டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை நாலாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அப்போது யுத்தம். கிரஹாம் கடற்படையில் விமானப் பயிற்சியில் இருந்தார். அங்கே நார்த் கரோலினா பயிற்சி முகாமின் அணியில் ஆடும்போதுதான் டி ஃபார்மேஷனைக் கற்றுக்கொண்டார்.

இதற்கிடையில் கிளீவ்லேண்டில் ஒரு புது அணிக்குப் பிரவுன் கோச் ஆனார். அணிக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பிரவுன் முதலில் பிடித்த ஆட்களில் ஒருவர் கிரஹாம். வருஷத்துக்கு 7,500 டாலர், அதோடு கடற்படையில் இருக்கும்வரை மாதம் 250 டாலர். யுத்தம் எப்போது முடியும் என்றே தெரியாத நேரத்தில், இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத லீக்கிலிருந்து மாதாமாதம் பணம் வந்தது. கிரஹாம் கையெழுத்துப் போட்டார்.

ஃபுட்பால் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் சும்மா இருந்தது. ரோச்செஸ்டர் ராயல்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தார். அந்த 1945-46 சீசனில் அந்த அணி நேஷனல் பாஸ்கெட்பால் லீக்கை ஜெயித்தது. மனுஷன் போன இடமெல்லாம் கோப்பை.

முதல் சந்தேகம்: பலவீனமான லீக்கா?

புது லீக்கின் பெயர் ஆல்-அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.ஏ.எஃப்.சி. ஷிகாகோ ட்ரிப்யூன் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு முன்கை எடுத்து உருவாக்கியது. 1946-ல் ஆட்டங்கள் ஆரம்பித்தன. நாலு சீசன் நடந்தது. நாலையும் பிரவுன்ஸ் ஜெயித்தது. வழக்கமான சீசன் ஆட்டங்களில் 47 வெற்றி, 4 தோல்வி, 3 டிரா. 1948-ல் இறுதிப்போட்டியையும் சேர்த்து ஆடிய 15 ஆட்டத்தையும் ஜெயித்தது. ஒரு தோல்விகூட இல்லாத சீசன் என்றால் எல்லோரும் 1972 மயாமி டால்ஃபின்ஸைத்தான் சொல்வார்கள். பிரவுன்ஸ் அதை 24 வருஷம் முன்னாலேயே செய்திருந்தது. ஆனால் கணக்கில் இல்லாத லீக்கில்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. கெர்ரி பேக்கர் 1977-ல் நடத்திய வேர்ல்டு சீரிஸ் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். உலகின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர்களும் மட்டையாளர்களும் அங்கே மோதினார்கள். விவ் ரிச்சர்ட்ஸ் எடுத்த ரன்னும் டென்னிஸ் லில்லி எடுத்த விக்கெட்டும் அவர்களுடைய டெஸ்ட் கணக்கில் இன்றுவரை இல்லை. ஆட்டம் கடினமா சுலபமா என்பதை வைத்து எடுத்த முடிவு இல்லை அது. யார் நடத்தினார்கள் என்பதை வைத்து எடுத்தது.

ஆனால் அதைச் சொன்னாலே ஏ.ஏ.எஃப்.சி வலுவான லீக் என்று நிரூபணம் ஆகிவிடாது. பிரவுன்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் கிளீவ்லேண்டிலேயே கூட்டம் குறைந்துபோனது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? 1949 டிசம்பரில் லீக் மூடப்பட்டது. பிரவுன்ஸ், சான் பிரான்சிஸ்கோ 49-யர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற மூன்று அணிகளை மட்டும் என்.எஃப்.எல் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் முதல் பரிசோதனை. என்.எஃப்.எல் கமிஷனர் பெர்ட் பெல் 1950 சீசனின் முதல் ஆட்டமாக பிரவுன்ஸையும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸையும் மோதவிட்டார். ஈகிள்ஸ் 1948, 1949 இரண்டு வருஷமும் என்.எஃப்.எல் சாம்பியன். அந்த இரண்டு இறுதிப்போட்டியிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காதவர்கள். ஆட்டம் ஃபிலடெல்ஃபியாவிலேயே, செப்டம்பர் 16, சனிக்கிழமை ராத்திரி. வந்த கூட்டம் 71,237.

முடிவு 35-10. ஜெயித்தது பிரவுன்ஸ். கிரஹாம் 38 எறிந்து 21 சேர்ந்தது, 346 யார்டு, 3 டச்டவுன். ஒரு எறிக்கு 9.1 யார்டு என்று கணக்கு வருகிறது. ஏ.ஏ.எஃப்.சி-யில் அவருடைய நாலு வருஷச் சராசரி 9.5. ஆக, பழைய லீக்கில் அடித்துக்கொண்டிருந்த அதே வேகத்துக்கு மிகப் பக்கத்தில், என்.எஃப்.எல்-லின் மிகச் சிறந்த தடுப்பு அணிக்கு எதிராக, அவர்கள் ஊரிலேயே. ஈகிள்ஸின் நட்சத்திர ஓட்டக்காரர் ஸ்டீவ் வான் பியூரன் அன்றைக்குக் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் ஓடுகிறவர், பந்து எறிவதைத் தடுக்கிறவர் இல்லை.

ஈகிள்ஸ் கோச் கிரீஸி நீல், இவர்கள் சும்மா எறிந்துகொண்டே இருக்கும் கூடைப்பந்து அணி என்கிற மாதிரி பேசினார். டிசம்பரில் இரண்டு அணியும் மறுபடி சந்தித்தபோது பிரவுன் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கில் ஒரே ஒரு பாஸ்கூட இல்லாமல் அந்த ஆட்டத்தை 13-7 என்று ஜெயித்தார்.

அந்த வருஷ இறுதிப்போட்டி டிசம்பர் 24, கிளீவ்லேண்டில். எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 1945 வரை கிளீவ்லேண்டிலேயே இருந்துவிட்டு ஊரை விட்டுப் போன அணி அது. கிரஹாம் 4 டச்டவுன் எறிந்தார். ஆனாலும் கடைசி நிமிடங்களில் ராம்ஸ் 28-27 முன்னிலை. அப்போது ஓடிக்கொண்டிருந்த கிரஹாம் பந்தைக் கைநழுவ விட்டார். கதை முடிந்தது என்று எண்ணியபடி வெளியே வந்தவரைப் பிரவுன் திட்டவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது, ஜெயிக்கலாம் என்று தட்டிக்கொடுத்தார். கிரஹாம் இதைப் பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து மறுபடி கிடைத்தது. கிரஹாம் அணியை நகர்த்திக்கொண்டுபோய் நிறுத்த, 28 நொடி மீதி இருக்கும்போது லூ குரோஸா உதைத்த ஃபீல்டு கோல் 30-28 என்று முடித்தது.

அப்படியானால் முதல் சந்தேகம் செல்லாது என்று எழுதிவிடலாமா? முழுசாக இல்லை. அதே 1950-ல் கூட வந்த 49-யர்ஸ் 12 ஆட்டத்தில் 3 தான் ஜெயித்தது, கோல்ட்ஸ் 1 தான். அதனால் ஏ.ஏ.எஃப்.சி முழுவதும் என்.எஃப்.எல் தரம் என்று இந்தப் பரிசோதனை சொல்லவில்லை. கிரஹாமின் சொந்தக் கணக்கும் இதையே காட்டுகிறது. ஏ.ஏ.எஃப்.சி-யில் 86 டச்டவுன், 41 இன்டர்செப்ஷன். என்.எஃப்.எல்-லில் 88 டச்டவுன், 94 இன்டர்செப்ஷன். சராசரி யார்டும் 9.5-லிருந்து 8.6-க்கு இறங்கியது. அவருக்கும் வயது ஏறியது, எதிரணிகள் ஆறு வருஷமாகப் படித்துப் படித்துத் தயாரானார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அந்த 8.6 என்ற இறங்கிய எண்ணே என்.எஃப்.எல் பதிவேட்டில் பல பத்தாண்டுகள் எல்லாக் காலத்துக்குமான முதல் இடத்தில் இருந்தது. லீக் தரம் கூடியதால் அவர் கணக்கு குறைந்தது உண்மை. குறைந்த பிறகும் மேலே யாரும் இல்லை.

பலவீனமான லீக் என்ற பேச்சில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு விஷயமும் உண்டு. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்-லில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. 1946-ல் பிரவுன்ஸ் மரியன் மோட்லியையும் பில் வில்லிஸையும் எடுத்தது. பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியதற்கு முந்தைய வருஷம். அந்த ஆண்டு மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு, மிரட்டல்களாலும் அங்கிருந்த நிறவெறிச் சட்டத்தாலும், இருவரையும் அழைத்துப்போக முடியவில்லை. கிரஹாமைச் சாய்க்க ஓடி வருகிறவர்களை வழிமறித்து நின்றவர் மோட்லி. அதே மோட்லிதான் 1950-ல் என்.எஃப்.எல்-லுக்கு வந்ததும் 810 யார்டு ஓடி அந்தச் சீசனில் முதலிடம் பிடித்தார். அதாவது, தரமான லீக் என்று சொல்லிக்கொண்டது இப்படிப்பட்டவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. தரத்தை எடைபோடும் தராசில் இதையும் வைக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம்: மூளை யாருடையது?

பால் பிரவுன் சாதாரணக் கோச் இல்லை. வீரர்களை வகுப்பறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார், பரீட்சை வைத்தார், ஆட்டப் படச்சுருளைப் போட்டு ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு அசைவுக்கும் மார்க் போட்டார். இன்றைக்கு எல்லா அணியும் செய்வதுதான். அன்றைக்கு அது புதுசு.

அந்தக் காலத்தில் எந்த ஆட்டத் திட்டத்தை ஆடுவது என்று களத்தில் குவார்ட்டர்பேக்தான் முடிவு செய்வார். பிரவுன் அதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு கார்டு வீரரை மாற்றி அனுப்புவார். உள்ளே ஓடுகிற ஆள் கோச் சொன்னதைக் கிரஹாம் காதில் சொல்வார். அடுத்த வாய்ப்புக்கு அவர் வெளியே, இன்னொருவர் உள்ளே. கடிதம் கொண்டுபோகிற தபால்காரர் மாதிரி. இப்படி ஓடியவர்களில் ஒருவர் சக் நோல். பின்னாளில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கோச்சாக நாலு சூப்பர் பவுல் ஜெயித்தவர். கிரஹாமுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டார்.

ஆகவே ப்ரோகிராம் எழுதியது பிரவுன், ஓடின மெஷின் கிரஹாம் என்று சொல்கிறார்கள். அவருக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டோ என்ற பட்டப்பெயரே உண்டு. தொழில் காரணமாக எனக்கு இந்த உவமையில் ஒரு பிரச்சினை தெரிகிறது. மெஷின் முடிவு எடுக்காது. பிரவுன் சொல்லி அனுப்பியது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். பந்து கைக்கு வந்த பிறகு யார் தனியாக இருக்கிறார், யாரை இரண்டு பேர் மறிக்கிறார்கள், எறியலாமா ஓடலாமா என்பதை எந்தத் தபால்காரரும் வந்து சொல்ல முடியாது. மேக் ஸ்பீடி, டான்ட்டே லவெல்லி போன்ற ஆட்கள் இன்னும் திரும்பாத இடத்துக்கு, திரும்பும் நேரத்தைக் கணித்துப் பந்து போக வேண்டும். அந்தக் கணிப்பு கிரஹாமுடையது. ஓடியும் அவர் தன் காலத்தில் 44 டச்டவுன் அடித்திருக்கிறார்.

உவமையை விட்டுவிட்டு ஆதாரத்துக்கு வருவோம். 1951-ல் இறுதிப்போட்டியில் ராம்ஸிடம் தோல்வி. 1952, 1953 இரண்டிலும் டெட்ராய்ட் லயன்ஸிடம் தோல்வி. 1953 தோல்வி 17-16. ஒரே ஒரு புள்ளி. அன்றைக்குக் கிரஹாம் 15 எறிந்து சேர்ந்தது 2, கிடைத்தது 20 யார்டு, இன்டர்செப்ஷன் 2. அதே கோச், அதே தபால்காரர்கள், அதே திட்டங்கள். குவார்ட்டர்பேக் சரியில்லாத அன்று அணியும் ஜெயிக்கவில்லை. அந்தச் சீசனில்தான் ஒரு ஆட்டத்தில் முகத்தில் அடிபட்டு வாயில் 15 தையல் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பை மாட்டிக்கொண்டு திரும்ப வந்து ஆடினார். ஹெல்மெட்டில் முகக்கவசம் பரவியதில் அந்தச் சம்பவத்துக்கும் பங்குண்டு.

1954 இறுதிப்போட்டியில் மறுபடி லயன்ஸ். இந்தத் தடவை 56-10. கிரஹாம் 3 டச்டவுன் எறிந்தார், 3 டச்டவுன் தானே ஓடி எடுத்தார். அதோடு போதும் என்று ஓய்வை அறிவித்தார். அடுத்த சீசன் தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டங்களில் அணி திணறியதும் பிரவுன் போன் போட்டுக் கூப்பிட்டார். 25,000 டாலருக்குக் கிரஹாம் திரும்பி வந்தார். 1955 கோப்பையும் பிரவுன்ஸுக்கே. லாஸ் ஏஞ்சலஸில் ராம்ஸை 38-14 என்று ஜெயித்த பிறகு இந்தத் தடவை உண்மையாகவே ஓய்வு.

இப்போது இரண்டாவது பரிசோதனை. 1956-ல் பிரவுன் இருக்கிறார், திட்டங்கள் இருக்கின்றன, தபால்காரர்கள் இருக்கிறார்கள். கிரஹாம் மட்டும் இல்லை. முடிவு, 5 வெற்றி 7 தோல்வி. அணி தொடங்கி பத்து வருஷத்தில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமான முதல் சீசன்.

ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அந்தச் சீசனில் குவார்ட்டர்பேக்குகள் ஜார்ஜ் ராட்டர்மன், பேப் பரில்லி இருவருக்கும் காயம். அடுத்த வருஷமே ஜிம் பிரவுன் என்ற அசாத்திய ஓட்டக்காரர் வந்து சேர, அணி மறுபடி இறுதிப்போட்டிக்குப் போனது. அங்கே லயன்ஸிடம் 59-14 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. எனவே கொஞ்சம் நீளமாகப் பார்ப்போம். கிரஹாம் போன பிறகு பால் பிரவுன் கிளீவ்லேண்டில் இன்னும் ஏழு சீசன் கோச்சாக இருந்தார். கோப்பை இல்லை. பிறகு சின்சினாட்டி பெங்கால்ஸை 1968 முதல் 1975 வரை நடத்தினார். மூன்று தடவை பிளேஆஃப், மூன்றும் தோல்வி. தொழில்முறை ஃபுட்பாலில் பிரவுன் கோச்சாக ஜெயித்த கோப்பைகள் ஏழு. ஏழும் கிரஹாம் ஆடியபோது.

இந்த ஒற்றை வரியை முதலில் எழுதியபோது எனக்குக் கேஸ் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. திருப்பிப் படித்தால் அதே வரி எதிர்த்திசையிலும் பேசுகிறது. கிரஹாம் ஜெயித்த ஏழும் பிரவுன் கோச்சாக இருந்தபோதுதான். பிரவுன் இல்லாமல் கிரஹாம் தொழில்முறை ஃபுட்பால் ஆடியதே கிடையாது. பின்னாளில் வாஷிங்டன் அணிக்குக் கிரஹாம் மூன்று வருஷம் கோச்சாக இருந்தபோது 17 வெற்றி, 22 தோல்வி, 3 டிரா. ஆடுவது வேறு, கோச் வேலை வேறு என்பதால் அதை எடுத்துக்காட்டாகவும் வைக்க முடியாது. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் எது எவ்வளவு இழுத்தது என்று வண்டி போன தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாடு போன பிறகு மற்றது எவ்வளவு தூரம் போனது என்று மட்டும் நமக்குத் தெரியும். அது பெரிதாகப் போகவில்லை. மற்ற மாடு தனியாக இழுத்திருக்குமா என்பதற்கு டேட்டாவே இல்லை.

ஆனால் பொம்மை என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் வரலாறு வேறு விதமாகப் பதில் சொல்லிவிட்டது. 1956-ல் பிரவுன் ராட்டர்மனின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ரேடியோ வாங்கியைப் பொருத்திப் பார்த்தார். தபால்காரர் வேண்டாம், நேராகக் காதிலேயே சொல்லிவிடலாம் என்று. கமிஷனர் தடை போட்டார். 38 வருஷம் கழித்து, 1994-ல், என்.எஃப்.எல் அதை எல்லா அணிக்கும் அனுமதித்தது. இன்று ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் காதில் கோச்சின் குரலோடுதான் ஆடுகிறார். டாம் பிரேடியைப் பொம்மை என்று யாரும் சொல்லவில்லை. குரல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் குவார்ட்டர்பேக்கின் வேலை ஆரம்பிக்கிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கிரஹாம் அந்த வேலையை நாற்பது ஐம்பது வருஷம் முன்னாலேயே செய்துகொண்டிருந்தார். அப்போது அது புதுசாக இருந்ததால் குறையாகத் தெரிந்தது.

ஷீட்டை என்ன செய்தேன்

கிரஹாம் 1965-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். என்.எஃப்.எல் தன் 75-வது ஆண்டிலும் 100-வது ஆண்டிலும் வெளியிட்ட சிறந்த வீரர் பட்டியல் இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. 1970-களில் புற்றுநோயிலிருந்து மீண்டார், கடைசிக் காலத்தில் அல்சைமர் வந்தது. 2003 டிசம்பர் 17 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். வயது 82.

என்னுடைய இரண்டு சந்தேகத்துக்கும் கிடைத்த விடை இதுதான். லீக் பற்றிய சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது கிரஹாமைக் கீழே இறக்கப் போதாது. கோச் பற்றிய சந்தேகத்தைக் கணக்கை வைத்து முழுசாகத் தீர்க்க முடியாது. ஆனால் தீர்க்க முடியாத சந்தேகத்தின் பலனை ஏன் எப்போதும் கோச்சுக்கே கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

எக்செல் ஷீட்டில் ஆறு வரிசையை எடுத்துவிட்டுப் பத்து வரிசைக் கோப்பையே வைத்துக்கொண்டேன். லீக் என்று ஒரு தனிப் பத்தி மட்டும் சேர்த்தேன். ஏ.ஏ.எஃப்.சி வேண்டாம் என்பவர்கள் அதை வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வரிசையையே அழித்துவிட்டால் அப்படி ஒரு கேள்வி இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

அடுத்த குறிப்பு ஜானி யூனிடாஸ் பற்றி. 1955-ல் கிரஹாம் கடைசிச் சீசனுக்குத் தயாரான அதே நேரத்தில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிய பையன் அவர்.